அந்தக் கீ எங்கிருந்து வந்தது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கம்ப்யூட்டர் கேம். விளையாடலாமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கதை, ஓவியம், இசை, கணக்கு எல்லாம் ஒன்றுகூடிப் பிறக்கும் கலை இது. நம் பிள்ளைகள் அதை நேசிக்கிறார்கள்; நேசிக்கட்டும். அந்தக் கலையை எந்தக் கடையில் வாங்குகிறோம், என்ன விலைக்கு வாங்குகிறோம், அந்த விலை எப்படி அவ்வளவு குறைந்தது என்பதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

ஒரு கேம் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே கேமை இன்னொரு தளத்தில் யாரோ ஒருவர் 600 ரூபாய்க்கு விற்கிறார். பணம் கட்டினால் ஒரு கீ வருகிறது. போட்டுப் பார்த்தால் கேம் திறக்கிறது. 1,400 ரூபாய் மிச்சம். வாங்கியவருக்கு மகிழ்ச்சி, விற்றவருக்கும் மகிழ்ச்சி. இதில் யாருக்கு என்ன நட்டம்?

நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் ஒரு நீண்ட சங்கிலி தெரிகிறது. அதன் ஒரு முனையில் நீங்கள் இருக்கிறீர்கள். மறுமுனையில் இருப்பவரை நீங்கள் பார்த்ததே இல்லை. இடையில் இருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில், கீ என்றால் என்ன? கேமைத் திறக்கும் குறியீடு. ஸ்டீமில் அது ஐந்து ஐந்தாக மூன்று கொத்து. எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 15. வால்வ் நிறுவனம் ஸ்டீமை 2003 செப்டம்பரில் தொடங்கியது. ஸ்டீம் கடையில் ஒரு கேம் விற்றால் வழக்கமாக 30 சதவீதம் வால்வுக்குப் போகும். ஆனால் அந்தக் கேமைச் செய்தவர் கீகள் வேண்டும் என்று கேட்டால் வால்வ் காசு வாங்காமல் கொடுக்கிறது. அவர் அந்தக் கீகளைத் தன் சொந்தத் தளத்தில் விற்கலாம். வேறு கடைக்குக் கொடுத்து விற்கச் சொல்லலாம். விமர்சகர்களுக்கு இலவசமாக அனுப்பலாம். ஹம்பிள் பண்டில் போன்ற தொகுப்பில் சேர்த்து, வருமானத்தில் ஒரு பகுதியை அறப்பணிக்குக் கொடுக்கலாம். அந்த விற்பனையில் வால்வ் பங்கு கேட்பதில்லை.

நல்ல ஏற்பாடு. சிறிய குழுக்களுக்குக் கைகொடுத்த ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு பலவீனம் இருக்கிறது. கீயில் யார் பெயரும் இல்லை. முதலில் யார் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், எந்த நாட்டில் வாங்கினார், எதுவும் அதில் எழுதியிருக்காது. கையில் வைத்திருப்பவரே சொந்தக்காரர். இந்த ஒரு பலவீனத்தின் மேல்தான் கீயை மறுவிற்பனை செய்யும் ரீசெல்லர் சந்தை முழுவதும் நிற்கிறது.

ரீசெல்லரிடம் கீ எப்படி வந்து சேர்கிறது? பல வழிகள் உண்டு. தொகுப்பாக வாங்கியவர் தனக்கு வேண்டாத கேமின் கீயை விற்கலாம். தள்ளுபடி நாளில் நூறு கீ வாங்கிப் பதுக்கி, விலை ஏறியதும் விற்கலாம். விலை குறைவான நாட்டில் வாங்கி, விலை கூடுதலான நாட்டில் விற்கலாம். யூடியூபர் என்று பொய் சொல்லி உருவாக்கியவரிடம் இலவசமாக வாங்கி விற்கலாம். திருட்டு கார்டில் வாங்கியும் விற்கலாம்.

எல்லா வழியும் குற்றம் என்று நான் சொல்லவில்லை. தனக்கு வேண்டாத ஒரு கீயை விற்றவரையும், திருட்டு கார்டில் முந்நூறு கீ வாங்கியவனையும் ஒரே கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. ஆனால் நண்பர்களே, வாங்குகிற உங்களுக்கு இந்த இருவரில் யார் விற்கிறார் என்று தெரியுமா? திரையில் இரண்டு கீயும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டும் மலிவாகத்தான் இருக்கும். அங்கேதான் சிக்கல்.

திருட்டு கார்டு வழியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒருவருடைய கார்டு எண் திருடன் கையில் சிக்கிவிட்டது. அவன் அதை வைத்து ஒரு டிவி வாங்கினால் முகவரி கொடுக்க வேண்டும், கூரியர்காரர் வர வேண்டும், பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மாட்டிக்கொள்ள எத்தனையோ இடம் இருக்கிறது. கேம் கீ வாங்கினால்? மின்னஞ்சலில் உடனே வந்துவிடும். வந்த வேகத்தில் அதை ரீசெல்லர் சந்தையில் விலைக்கு வைத்துவிடலாம். அவன் கைக்காசு ஒரு பைசா போகவில்லை. பாதி விலைக்கு விற்றாலும் லாபம், கால் விலைக்கு விற்றாலும் லாபம். முதல் போட்டு வாங்கி விற்கும் நேர்மையான கடை அந்த விலையோடு எப்படிப் போட்டி போடும்?

இனி கார்டுக்காரரிடம் போவோம். மாதக் கடைசியில் கணக்கைப் பார்க்கிறார். தான் வாங்காத பொருளுக்குப் பணம் போயிருக்கிறது. வங்கிக்கு ஓடுகிறார், புகார் கொடுக்கிறார். வங்கி அந்தப் பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பிடுங்குகிறது. இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். விற்றவர் யார்? பல நேரங்களில் கேமைச் செய்தவரே. அவரிடமிருந்து விற்ற காசு போகிறது. அதோடு முடிகிறதா? இல்லை. ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் தனியாக ஓர் அபராதக் கட்டணம் வேறு. கீயும் போயிற்று, காசும் போயிற்று, மேலே தண்டமும் கட்டியாயிற்று.

இது கற்பனையா? அல்ல. பிராகா நகரத்துக்குப் போவோம்.

செக் நாட்டின் தலைநகரம் பிராகா. அங்கே வூப் சாஃப்ட்வேர் என்று ஒரு நிறுவனம். அவர்கள் செய்த கேம் ஃபேக்டோரியோ. வேற்றுக் கிரகத்தில் விழுந்துவிட்ட ஒருவர், கையால் கல் உடைப்பதில் தொடங்கி, பட்டைகளும் இயந்திரக் கைகளும் ரயிலுமாக ஒரு பெருந்தொழிற்சாலையை எழுப்புவதுதான் ஆட்டம். 2016 பிப்ரவரியில் அது ஸ்டீமுக்கு வந்தது. அப்போது விலை 20 டாலர். இந்தக் குழுவுக்கு ஒரு கொள்கை உண்டு: தள்ளுபடியே கிடையாது. தீபாவளிக்கும் இல்லை, கிறிஸ்துமசுக்கும் இல்லை. இன்று வாங்கியவர் நாளை விலை குறைந்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டோமே என்று வருந்தக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

யோசித்துப் பாருங்கள். தள்ளுபடியே இல்லாத ஒரு கேம் இன்னோர் இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த மலிவு எங்கிருந்து வந்தது?

வந்த இடம் அவர்களுக்குத் தெரிந்தது, சார்ஜ்பேக் நோட்டீஸ்கள் வரத் தொடங்கிய பிறகுதான். முந்நூறுக்கும் மேற்பட்ட கீகள் திருட்டு கார்டில் வாங்கப்பட்டிருந்தன. கட்டணமாக மட்டும் சுமார் 6,600 டாலர் போயிற்று என்று அவர்களே கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அந்தக் கீகளெல்லாம் எங்கே போயின?

2019இல் ஒரு திருப்பம். ரீசெல்லர் சந்தைகளில் பெரியது ஜி2ஏ. போலந்தில் 2010இல் தொடங்கியது. தங்கள் தளத்தில் திருட்டுக் கீ விற்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு வலுத்தபோது, 2019 ஜூலையில் அவர்கள் ஓர் அறைகூவல் விடுத்தார்கள். எங்கள் தளத்தில் திருட்டுக் கீ விற்றது தணிக்கையில் நிரூபணமானால், சார்ஜ்பேக்கில் இழந்த பணத்தைப் போலப் பத்து மடங்கு தருகிறோம் என்றார்கள். வூப் குழு அந்த அறைகூவலை ஏற்றது. 321 கீகளின் பட்டியலைக் கொடுத்தது. 2020 மே மாதம் முடிவு வந்தது. அந்த 321இல் 198 கீகள் தங்கள் சந்தையில், 2016 மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் விற்கப்பட்டவைதான் என்று ஜி2ஏ ஒப்புக்கொண்டது. 198 கீ, ஒன்றுக்கு 20 டாலர், அதன் பத்து மடங்கு: 39,600 டாலர். சொன்ன வாக்கின்படி கொடுத்தார்கள்.

வாக்கைக் காப்பாற்றினார்கள், அதைப் பாராட்டுவோம். ஆனால் இன்னொரு கேள்வியையும் கேட்போம். திருட்டு நடந்தது 2016. நிரூபணமானது 2020. நான்கு ஆண்டு! பட்டியல் வைத்திருந்து, பொறுமை வைத்திருந்து, விடாமல் துரத்த வசதியும் வைத்திருந்த ஒரு குழுவுக்கு நான்கு ஆண்டு ஆயிற்று. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டு அறையில் கேம் செய்கிறவர்களால் இதைச் செய்ய முடியுமா? அந்த 198 கீகளை வாங்கியவர்களில் எத்தனை பேர் திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்கியிருப்பார்கள்? பெரும்பாலோர் உங்களைப் போல, என்னைப் போல, நாலு காசு மிச்சம் பிடிக்க நினைத்த சாதாரண மனிதர்களாகத்தான் இருப்பார்கள்.

இன்னொரு வழக்கு, டைனிபில்ட். பஞ்ச் கிளப், பார்ட்டி ஹார்ட், ஸ்பீட்ரன்னர்ஸ் ஆகிய கேம்களை வெளியிட்ட நிறுவனம். தங்கள் சொந்தத் தளத்தில் ஒரு சிறிய கடை திறந்தார்கள். ஆயிரக்கணக்கில் கீகள் விற்றன. மகிழ்ந்தார்கள். பிறகு சார்ஜ்பேக் மழை பெய்தது; பணம் வசூலித்துக் கொடுத்த நிறுவனம் அந்தக் கடையையே மூடிவிட்டது. அதன் தலைவர் அலெக்ஸ் நிச்சிபோர்சிக் 2016 ஜூனில் வெளிப்படையாகப் பேசினார். ஜி2ஏயில் தங்கள் கேம்கள் சுமார் 2 லட்சம் டாலருக்கு விற்றிருக்கின்றன, அவற்றின் கடை விலையோ சுமார் 4,50,000 டாலர், தங்கள் கைக்கு எதுவும் வரவில்லை என்றார். ஜி2ஏ அந்தக் கணக்கை ஏற்கவில்லை. சந்தேகத்துக்குரிய கீகளின் பட்டியலைக் கொடுங்கள் என்றது. அந்தச் சண்டையில் கடைசி டாலர் வரை யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். தன் உழைப்பை விற்கக் கடை திறந்தவர் கடையை இழந்தார். அதே உழைப்பு இன்னொருவர் சந்தையில் விலை போய்க்கொண்டே இருந்தது.

2019இல் டிசென்டர்ஸ் என்ற சைக்கிள் கேமை வெளியிட்ட மைக் ரோஸ் பொதுவெளியில் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஜி2ஏயில் போய் எங்கள் கேமை வாங்குவதைவிடத் திருட்டுப் பிரதியை இறக்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். கேமை விற்கும் ஒருவர் இப்படிச் சொல்வாரா? நம் ஊரில் திருட்டு விசிடிக்கு எதிராகத் திரைத்துறை எவ்வளவு போராடியது என்பதை நாம் அறிவோம். அப்படியிருக்க, திருடிக்கொள்ளுங்கள் என்று ஒருவரே தன் வாயால் சொல்கிறார் என்றால் அவர் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்! அவர் சொன்ன வழியை நான் உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. அவர் போட்ட கணக்கை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். திருட்டுப் பிரதியால் அவருக்கு வரவு இல்லை. திருட்டுக் கீயால் வரவும் இல்லை, செலவும் உண்டு.

கார்டு திருட்டு ஒரு பக்கம். பொய் முகம் இன்னொரு பக்கம். ஒரு கேம் வெளிவரும் வாரத்தில் அதை உருவாக்கியவரின் மின்னஞ்சலைத் திறந்தால், கீ கேட்டு வரும் கடிதங்கள் குவிந்து கிடக்கும். நான் விமர்சகர், நான் யூடியூபர், எனக்கு லட்சம் பேர் ரசிகர்கள், கீ அனுப்புங்கள், என் நண்பர்களுக்கும் சேர்த்து நாலைந்து அனுப்புங்கள். இவர்களில் உண்மையானவர் யார், போலி யார் என்று எப்படிப் பிரிப்பது? பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கவ்கேட் என்ற சிறு நிறுவனம் 2022இல் பிராக் தி இன்வெஸ்டிகேட்டர் என்ற கேமை வெளியிட்டது. அவர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைக்கும் கியூரேட்டர் என்ற பெயரில் கீ கேட்டவர்களில் சந்தேகத்துக்குரியவர்களுக்கு, முழுக் கேமுக்குப் பதிலாக அதன் இலவச முன்பகுதியின் கீயை அனுப்பினார்கள். உண்மையான விமர்சகராக இருந்தால் என்ன செய்வார்? ஐயா, தவறான கீ வந்திருக்கிறது என்று எழுதிக் கேட்பார். இவர்களோ விற்கப் போனார்கள்; கீ முழுக் கேமுடையது இல்லை என்று தெரிந்ததும், அதுவரை இருந்த நல்ல பரிந்துரையை மாற்றி, இந்தக் கேமை வாங்காதீர்கள் என்று எழுதினார்கள். படைப்பாளியின் நல்லெண்ணத்தைக் காசாக்குகிறார்கள். காசாக முடியாதபோது அவர் பெயரைக் கெடுக்கிறார்கள். இதனால் பாதிக்கப்படுகிறவர் படைப்பாளி மட்டுமா? நேர்மையாக விமர்சனம் எழுத விரும்பும் ஒரு புதிய இளைஞருக்கும் இனி கீ கிடைக்காது. போலிகள் அவர் வாசலையும் அடைத்துவிட்டார்கள்.

இதுவரை மற்றவர் நட்டத்தைப் பேசினோம். இனி உங்கள் நட்டத்தைப் பேசுவோம்.

நேச்சுரல் செலெக்‌ஷன் 2 என்ற கேமைச் செய்த அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம், திருட்டு கார்டில் வாங்கப்பட்ட 1,341 கீகளை 2013இல் செயலிழக்கச் செய்தது. 2015 ஜனவரியில் ஃபார் க்ரை 4 வாங்கிய பலர் ஒரு நாள் பார்த்தால், தங்கள் அக்கவுண்டில் இருந்த கேமைக் காணவில்லை. அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நீக்கியிருந்தது. விசாரித்தபோது, அந்தக் கீகள் இ.ஏ. நிறுவனத்தின் ஆரிஜின் கடையில் திருட்டு கார்டுகள் மூலம் வாங்கப்பட்டு, பிறகு ரீசெல்லர்கள் வழியாக விற்கப்பட்டவை என்று தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, ஏற்கெனவே விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு யூபிசாஃப்ட் கேமைத் திருப்பிக் கொடுத்தது. மற்றவர்களிடம், வாங்கிய இடத்திலேயே பணத்தைக் கேளுங்கள் என்றது.

வாங்கிய இடத்தில் யாரைக் கேட்பது? முகம் இல்லாத ஒரு விற்பனையாளரையா? ஸ்டீமிலேயே வாங்கியிருந்தால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் தராது. பிடிக்காவிட்டாலும் உங்கள் தலையில்தான். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாவிட்டாலும் உங்கள் தலையில்தான். வேறு நாட்டுக்கான கீயாக இருந்து இங்கே திறக்காவிட்டாலும் உங்கள் தலையில்தான். சில இடங்களில் கீக்குப் பதிலாக ஓர் அக்கவுண்டின் பெயரையும் கடவுச்சொல்லையுமே விற்கிறார்கள். அதை விற்றவர் நாளை திரும்பப் பிடுங்கிக்கொண்டால் நீங்கள் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்?

நண்பர்களே, இப்போது சங்கிலியின் மிகத் தூரத்துக் கண்ணிக்கு வருகிறேன். ஏனென்றால் அந்தக் கண்ணி நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

உலகம் முழுவதும் ஒரே விலை வைத்தால், வருமானம் குறைந்த நாட்டுப் பிள்ளைகள் எந்தக் கேமையும் வாங்க முடியாது. ஆகவே நாட்டுக்கு நாடு விலையை மாற்றி வைக்கிறார்கள். ஸ்டீமில் 2015 நவம்பரில் நம் ரூபாயில் விலை வந்தது. பல கேம்களுக்கு அமெரிக்க விலையைவிட நம் விலை குறைவு. அதேபோல அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் உள்ளூர்ப் பணத்தில் விலை மிகக் குறைவாக இருந்தது. பணவீக்கத்தில் தத்தளித்த மக்களுக்கு அது ஒரு சலுகை. என்ன நடந்தது? வசதியான நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் அக்கவுண்டை அந்த நாட்டு அக்கவுண்டு போலக் காட்டி வாங்கினார்கள். அந்த விலைக்கு வாங்கிக் கொடுப்பதையே சிலர் தொழிலாக்கினார்கள். 2023 நவம்பர் 20 முதல் வால்வ் இரண்டு நாடுகளிலும் உள்ளூர்ப் பணத்தை நிறுத்தி டாலரில் விலை வைத்தது. நாணய மதிப்பு தாறுமாறாக ஏறி இறங்கியது அதற்கு ஒரு காரணம். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் அந்த விலையைச் சுரண்டியதால், உள்ளூர் விலையைத் தாங்கிப் பிடிக்கப் படைப்பாளிகள் பலருக்கு மனம் விட்டுப்போயிருந்தது. பல கேம்களின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஏறியது. புயெனோஸ் ஐரிசில் இருக்கும் ஒரு மாணவன், மற்றவர் செய்ததற்குத் தன் விலையைக் கொடுத்தான்.

நம் ரூபாய் விலையும் அப்படிப்பட்ட ஒரு நூலில்தான் தொங்குகிறது. இந்தியாவுக்கான கீ வெளிநாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டால், அடுத்த கேமுக்கு நம் விலையை ஏற்றுவார்கள், அல்லது வேறு நாட்டில் திறக்காதபடி பூட்டுப் போடுவார்கள். மலிவுக் கீ வியாபாரம் ஏழை விளையாட்டுக்காரனின் நண்பன் என்று சொல்லித் திரிகிறார்கள். அதனால் முதலில் அடிபடுபவன் அவன்தான்.

பெரிய நிறுவனங்கள் எல்லாம் யோக்கியமானவையா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வுக்கும் பண்டாய் நாம்கோ, கேப்காம் உள்ளிட்ட ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் போட்டது. எதற்காக? போலந்து, செக், ஹங்கேரி போன்ற நாடுகளில் விற்ற கீகள் ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் திறக்காதபடி பூட்டியதற்காக. ஒரே சந்தைக்குள் ஒரு நாட்டுக்காரர் வாங்கியதை இன்னொரு நாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று தடுப்பது சட்டவிரோதம் என்றது ஆணையம். வால்வ் மேல்முறையீடு செய்தது. 2023 செப்டம்பரில் அதுவும் தள்ளுபடியானது.

மறுவிற்பனை உரிமையைப் பற்றியும் வழக்கு நடந்தது. பாரிசில் ஒரு நுகர்வோர் சங்கம், வாங்கிய கேமை நாங்கள் ஏன் விற்கக் கூடாது என்று வால்வ் மேல் வழக்குப் போட்டது. 2019இல் முதல் நீதிமன்றம் நுகர்வோர் பக்கம் நின்றது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024இல் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அந்த மாற்றத்தை உறுதிசெய்தது. நுகர்வோர் தோற்றார்கள். ஆனால் அவர்கள் போன வழியைப் பாருங்கள். வெளிச்சத்தில் நின்று, பெயர் சொல்லி, நீதிமன்றத்தில் உரிமை கேட்டார்கள். நமக்கும் அந்த உரிமை வேண்டுமானால் அப்படிக் கேட்போம். முகம் தெரியாத ஒருவனிடம் மூலம் தெரியாத கீயை வாங்குவது போராட்டம் ஆகாது.

அப்படியானால் நான் உங்களிடம் என்னதான் கேட்கிறேன்? மலிவாக வாங்காதே என்கிறேனா? இல்லை. மலிவு தவறு அல்ல. காசு இல்லாமை இழிவும் அல்ல. மூலத்தைக் கேட்காமல் வாங்குவதுதான் தவறு. பழைய நகையை விற்கப் போனால் நாணயமான கடைக்காரர் என்ன செய்கிறார்? ரசீது இருக்கிறதா, யாருடைய நகை என்று கேட்கிறார். கேட்காமல் வாங்கும் கடையை ஊர் எப்படிப் பேசும் என்று உங்களுக்கே தெரியும். நம் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மட்டுமல்ல, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கினாலும் குற்றம். சட்டம் கீயை எப்படிப் பார்க்கும் என்பது வழக்கறிஞர்களின் வேலை. நம் மனசாட்சிக்கு அந்த அளவுகோல் போதும்.

ஆகவே வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தக் கடைக்குக் கீயைக் கொடுத்தது யார்? ஹம்பிள், ஃபனட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்ற கடைகள் வெளியீட்டாளரிடமிருந்தே நேரடியாகக் கீ வாங்கி விற்கின்றன. அங்கும் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடி, செய்தவர் சம்மதித்த தள்ளுபடி.

இரண்டாவது கேள்வி: இந்த விலை எப்படிச் சாத்தியம்? வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகாத கேம், எங்கும் தள்ளுபடி இல்லாத கேம், இங்கே மட்டும் பாதி விலை என்றால், மீதிப் பாதியை யாரோ கட்டியிருக்கிறார். அவர் யார்?

மூன்றாவது கேள்வி: நாளை தகராறு வந்தால் பொறுப்பேற்பது யார்? விற்பனையாளர் பெயர் வெறும் புனைபெயரா? பாதுகாப்பு வேண்டுமானால் தனிக் காசு கொடு என்கிறார்களா? கடையே தன் பொருளுக்குப் பொறுப்பேற்கத் தயங்கும்போது நீங்கள் ஏன் ஏற்க வேண்டும்?

இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் வாங்காதீர்கள்.

காசு இல்லையே என்கிறீர்களா? காத்திருங்கள். ஸ்டீமில் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால், விலை குறையும்போது தகவல் வரும். கோடையிலும் ஆண்டு இறுதியிலும் பெரிய தள்ளுபடிகள் வருகின்றன. எபிக் என்ற இன்னோர் இணையக் கடை 2018 டிசம்பர் முதல் கேம்களை இலவசமாகவே கொடுத்து வருகிறது. தள்ளுபடி தராத ஃபேக்டோரியோகூட இலவச டெமோ வைத்திருக்கிறது. விலை நம் ஊருக்கு அதிகம் என்று தோன்றினால் உருவாக்கியவருக்கே எழுதுங்கள். ரூபாய் விலையைக் குறையுங்கள் என்று கேளுங்கள். படித்துப் பதில் எழுதும் படைப்பாளிகள் நிறைய இருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் கார்டை உள்நாட்டுத் தளங்களில் பயன்படுத்தினால் பொதுவாக ஓ.டி.பி. வரும்; வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அது இல்லாமலே பணம் போகலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வேண்டும்போது திறக்கவும், வேண்டாதபோது மூடவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இல் உத்தரவிட்டது. அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். ஸ்டீம் யு.பி.ஐ. ஏற்கிறது. பிள்ளைகளுக்குச் சிறு தொகை கொடுத்து நேர்வழியில் வாங்கச் சொல்லுங்கள். அதட்டித் தடுத்தால் பிள்ளை மறைவான கடையைத் தேடும்.

நாம் நாலு பேர் மாறினால் உலகம் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2017இல் கியர்பாக்ஸ் நிறுவனம் தான் வெளியிட்ட புல்லட்ஸ்டார்ம் கேமுக்காக ஜி2ஏயோடு கைகோத்தது. டோட்டல்பிஸ்கெட் என்று உலகமறிந்த விமர்சகர் ஜான் பெயின் எதிர்த்துக் குரல் கொடுத்தார், விளையாட்டுக்காரர்கள் திரண்டார்கள், கியர்பாக்ஸ் பின்வாங்கியது. 2020 ஜூலை முதல் கேம் கீகளைப் பதிவுபெற்ற வணிகர்கள் மட்டுமே விற்கலாம் என்று ஜி2ஏயே விதியை மாற்றியது. இவையெல்லாம் தானாகவா நடந்தன? கேள்வி கேட்டதால் நடந்தன. வாங்குபவர் கேள்வி கேட்டால் சந்தை பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முடிக்கும் முன் ஒரு கேமின் பெயரைச் சொல்கிறேன். வெண்பா. கனடாவின் டொரொண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்து, 2023இல் வெளியிட்டது. புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்கிறாள். மகன் மெல்ல மெல்லத் தமிழிலிருந்து விலகிப் போகிறான். அந்தக் கேமுக்கு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, சிறந்த முதல் படைப்புக்கான பிரிவில் கிடைத்தது. நம் அடுப்படியை உலகம் விளையாடிப் பார்த்தது. இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பெரிய முதலாளி கிடையாது. விற்கும் ஒவ்வொரு பிரதியும் அடுத்த மாதச் சம்பளம். அந்தச் சம்பளம் வந்தால்தான் அடுத்த கேம் வரும்.

இந்த அரங்கில் அப்படி ஒரு கேமைச் செய்யப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பாத்திரம் வரைந்துகொண்டிருப்பவர்கள், இரவில் புரோகிராமிங் பழகுகிறவர்கள், பாட்டுக்கு மெட்டுப் போட்டுப் பார்க்கிறவர்கள். நாளை உங்கள் கேம் வெளிவரும். அதை வாங்குகிறவர்கள் நேர்மையாக வாங்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள் அல்லவா? அந்த நேர்மையை இன்றே, மற்றவர் கேமுக்குக் கொடுத்துப் பழகுங்கள். வாங்கும் முன் கேளுங்கள். பதில் தெரிந்தால் வாங்குங்கள். தெரியாவிட்டால் காத்திருங்கள். உங்கள் நண்பனையும் கேட்க வையுங்கள்.